பொன்னாடைக்குக் கீழே

காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். அதுவரை என் வீட்டுக்காரர் பிரசாந்த், செஞ்சி கல்யாண மண்டப மேடையில், சக்கர நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக் கழிப்பறைக்குப் போகப் படி ஏற வேண்டும். மாற்றுத்திறனாளிக்குப் பாராட்டு விழா எடுத்த புண்ணியவான்கள் கண்ணில் அது படவில்லை.

பைக் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இப்போது சென்னையில் துடுப்புப் படகு ஓட்டுகிறார். மார்பைப் பெல்ட்டால் இருக்கையோடு கட்டிக்கொண்டு, கை பலத்தாலேயே துடுப்பை இழுப்பார். போன மாதப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். அதற்குத்தான் இந்த விழா.

பொன்னாடை போர்த்தும்போதே பக்கத்தில் நின்ற எனக்கு வாடை வந்துவிட்டது. காலில் கட்டியிருந்த மூத்திரப் பை நிரம்பிக் கசிந்து பேன்ட் நனைந்திருந்தது. போட்டோவுக்குச் சரிசெய்கிறவள் மாதிரி பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து அவர் மடியில் விரித்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் மைக்கில், "என்ன மாதிரி இருக்கறவங்க யாரா இருந்தாலும் வாங்க. நான் படகுல ஏத்துறேன்" என்றார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தொண்டூர் தைலம்மாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் புருஷன் கன்னியப்பன். பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர்.

"தம்பி, இவருக்கு ரொம்ப ஆசை. உன் வீடியோவ தெனம் போன்ல பாக்குறாரு. ஆனா இன்னிக்கு உன்னப் பாக்கத்தான் வந்தாரு, மத்த நாளு வூட்ட வுட்டு வரமாட்டன்றாரு. ஒண்ணுக்குப் போறதே தெரியாது, யாராவது பாத்துருவாங்களோன்னு பயந்துகினு. நீ இன்னா பண்ற? சொன்னா வருவாரு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கன்னியப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

பிரசாந்த் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"அந்தத் தொந்தரவெல்லாம் எனக்கு இல்லக்கா. மனசுல உறுதி இருந்தா ஒடம்பு தானா கேக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

கூட்டம் பந்திக்கு ஓடியது. நாலைந்து பேர் பிரசாந்தை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கிவிட்டுப் போனார்கள். சொல்லிக்கொண்டு போகக் கன்னியப்பனும் தைலம்மாளும் வந்தார்கள்.

"படகுக்கு வர்றீங்களாண்ணே?" என்று கேட்டார் பிரசாந்த். அவர் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல தம்பி. அதுக்கு மனசுல உறுதி வேணுன்றியே, எனக்கு அது பத்தல."

தைலம்மாளைப் பின்னால் விட்டு, கைகொடுக்கச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிட்டே வந்தவர் சட்டென்று நின்றார். அந்த வாடை அவருக்குத் தெரியாதா? பொன்னாடையைப் பார்த்தார். ஓரத்தில் ஈரம் ஊறி நிறம் மாறியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். தைலம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கன்னியப்பனின் மானம் அங்கேயே திரும்பியிருக்கும்.

அவர் கையை நீட்டிப் பொன்னாடையை முழங்கால் வரை இழுத்துவிட்டார். "தெரியுது தம்பி. நல்லா மூடிக்க" என்று எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

தைலம்மாள் நாற்காலியைத் திருப்பித் தள்ளினாள். வாசல்வரை அவள் குரல் கேட்டுக்கொண்டே போனது. "பாத்தியா? அந்தப் புள்ளயும் உன்ன மாதிரிதான். எவ்ளோ சுத்தமா இருக்குது! நீயும் இருக்கியே."

கன்னியப்பன் எங்களுக்காக அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு போனார்.

பிரசாந்தின் கை பொன்னாடைக்குப் போனது. நான் அதை அழுத்திப் பிடித்தேன்.

"வேணாங்க. பந்தியில எல்லாரும் இருக்காங்க."

"கைய எடு கலைவாணி."

என் விரல்களை விலக்கிப் பொன்னாடையைத் தரையில் போட்டார். மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"அக்கா! தைலம்மாக்கா! அவரத் திட்டாதீங்க. இங்க வந்து என்னப் பாருங்க."