நாற்பத்தாறாவது படம்

எக்ஸ்ரே வேனில் வந்த டெக்னீஷியன் படங்களை உறையில் போட்டுக் கொடுக்கும்போது, ஒன்றை மட்டும் உருவி வெளிச்சத்தில் பிடித்தான்.

"சிஸ்டர், இந்த நாப்பத்தாறு யாருது? வலது பக்கம் மேல கட்டி மாதிரி தெரியுது பாருங்க. டாக்டர் கிட்ட தனியா காட்டிடுங்க."

"பேர் பாத்துச் சொல்றேன்" என்றாள் ஜோதிலட்சுமி.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆபீஸ் ஆட்களும் இந்த வருடம் படம் எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்ததால், காலையில் மணல் பிரிவுப் பெண்களோடு வரிசையில் நின்று அந்த டோக்கனை வாங்கியவள் அவள்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு வார்ப்பட ஆலை. அதன் முதலுதவி அறையில் ஏழு வருடமாக நர்ஸ். ஏழு வருடமும் தற்காலிகம்தான். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகிவிடும் என்று ஹெச்.ஆர். மேனேஜர் துளசிராமன் சொல்லியிருந்தார். வேன் வந்துபோன பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். படத்தில் ஒரு நிழல் இருந்தால் போதும், 'தகுதியில்லை' என்று ஒரு வரி; மறுநாள் கேட்டில் கார்டு வேலை செய்யாது. அந்த வரியை இதுவரை பதினோரு பேருக்கு அவள் கையாலேயே டைப் அடித்திருக்கிறாள்.

கதவைச் சாத்திவிட்டுப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெளுப்பு. அவளுக்கு இருமல்கூடக் கிடையாது. படத்தைக் கிழித்துப் போடவும் வழியில்லை. எத்தனை பேர், எத்தனை படம் என்று எண்ணிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் படங்களில் எண் மட்டும்தான் இருந்தது; டோக்கன்களை வேனிலேயே திருப்பி வாங்கிவிட்டார்கள். எந்த எண் யார் என்று எழுதுவது அவளுடைய வேலை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து ஒன்றுமில்லை என்றுவிட்டால் தீர்ந்தது, அதுவரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டாள். நாற்பத்தாறுக்கு நேரே கிறிஸ்டினா என்று எழுதினாள். நாற்பத்தேழுக்கு நேரே தன் பெயரை எழுதினாள்.

கிறிஸ்டினா ஒப்பந்தத்தில் மணல் பிரிவைக் கூட்டுகிறவள். இருபத்தாறு வயது. வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை. வரிசையில் ஜோதிலட்சுமிக்குப் பின்னால் நின்றாள் என்பதைத் தவிர அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பழைய தழும்பா இருக்கலாம். டிபியா இருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம். சிடி ஸ்கேன் எடுக்காம எதுவும் சொல்ல முடியாதும்மா."

'வேற மாதிரி' என்று அவர் சொன்னபோது கிறிஸ்டினா ஜோதிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் சில்லிட்டிருந்தது.

அன்று சாயந்திரமே கிறிஸ்டினாவின் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, படத்தை அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேட்டருகே ஜோதிலட்சுமியை நிறுத்தி அவள் கேட்டாள்.

"அக்கா, கொயந்தைக்குப் பால் குடுக்கலாமா?"

கொடு, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் டிபியாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு நர்ஸ் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேள்வி வரும்.

"எதுக்கும் நிறுத்திடு" என்றாள்.

மூன்றாம் நாள் கிறிஸ்டினா போனில் அழுதாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு புட்டிப்பால் கொடுக்கிறாளாம், இவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாம். "எங்க ஊட்டுக்காரரு ஊத்துக்கோட்டைல அம்மா ஊட்டுக்குப் போய் இருன்றாருக்கா. கொயந்தைய குடுக்க மாட்டேன்றாங்க."

"முட்டைக்கோஸ் இலை வெச்சுக் கட்டு, கட்டின பால் இளகும்" என்றாள் ஜோதிலட்சுமி. போனை வைத்துவிட்டுத் தன் வலது நெஞ்சின் மேல் விரல்களால் தட்டிப் பார்த்தாள். அந்த நாட்களில் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சிடி எடுக்கச் செங்குன்றம் போனபோது அவளும் கூடப் போனாள். துணைக்கு யாருமில்லை என்று கிறிஸ்டினா கெஞ்சினாள் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த இயந்திரம் கிறிஸ்டினாவின் நெஞ்சுக்குள் புகுந்து தன்னுடைய கட்டி என்னவென்று சொல்லிவிடும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று நம்பிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ரிப்போர்ட் வந்தது. நுரையீரல் சுத்தம், எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல!" என்று ஜோதிலட்சுமிதான் முதலில் கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிறிஸ்டினாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான், அது யாருடைய நெஞ்சு என்பது நினைவுக்கு வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்காக நீங்க அழறீங்களேக்கா" என்று கிறிஸ்டினா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

துளசிராமன் ரிப்போர்ட்டைத் திருப்பித் தந்தார். "அப்ப இருக்குன்னு வந்துச்சு, இப்ப இல்லன்னு வருது. எதை நம்பறது? அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு சிஸ்டர்." பக்கத்திலேயே இன்னொரு உறை இருந்தது. ஜோதிலட்சுமியின் நிரந்தர உத்தரவு. அதை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

சில மாதம் கழித்து ஏப்ரலில்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. சென்னையில் தெரிந்தவர்கள் யாருமில்லாத ஓர் இடத்தில் சிடி எடுத்துக்கொண்டாள். கட்டி இருந்தது.

"ஓரம் கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு. ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட் பண்றதுக்கு வாகான இடம் இல்ல" என்றார் டாக்டர். "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா? ஒப்பிட்டா வளருதா இல்லையான்னு ஒரு அனுமானத்துக்கு வரலாம். இல்லன்னா மூணு மாசம் காத்திருந்து பாக்கணும்."

மறுநாளே ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

கிறிஸ்டினா செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். குழந்தை இன்னும் மாமியாரிடம்தான். ரிப்போர்ட்டைக் காட்டியும் அங்கே யாரும் நம்பவில்லை. போன வாரம் பார்க்கப் போனபோது குழந்தை அவளைக் கண்டு வீறிட்டு அழுததாம். அதைச் சொல்லிக்கொண்டே, ஜோதிலட்சுமிக்குக் கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினாள்.

"அந்தப் படம் இருக்கா கிறிஸ்டினா? அந்த எக்ஸ்ரே."

"அந்தப் பீடைய இன்னாத்துக்குக்கா வெச்சிக்கினு? ஊழியக்காரர் வந்து ஜெபம் பண்ணி எரிச்சிட்டாரு." ஜோதிலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், இன்னா ஆச்சு?" என்றாள்.

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "அது என்னோட படம்."

கிறிஸ்டினாவுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"எம் பேர நீதான் எழுதுனியா?"

"ஆமா."

"பாலை நிறுத்தச் சொன்னியே, அப்பவே தெரியுமா?"

ஜோதிலட்சுமி ஆமாம் என்று தலையசைத்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கிறிஸ்டினா அடிக்கவில்லை. சூளையின் செம்மண் ஒட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப அது இன்னான்னு சொன்னாங்க?"

"தெரியல. மூணு மாசம் கழிச்சுத்தான் பாக்கணுமாம்."

"தெரியக் கூடாது" என்றாள் கிறிஸ்டினா. குரல் உயரவே இல்லை. "நீ சாவணும்னு நான் கேக்க மாட்டேன். செத்தா முடிஞ்சி பூடும். இன்னான்னே தெரியாம நீ இருக்கணும். தெனமும் முட்டி போட்டு அதத்தான் கேப்பேன். போ."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஜோதிலட்சுமிக்கு முதல்முறையாக இருமல் வந்தது. சூளைப் புகையாகத்தான் இருக்கும். ஆனாலும் கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள்.

ஜூலையில் மறுபடி சிடி எடுத்தாள். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பெருசும் ஆகல, சின்னதும் ஆகல. நல்ல விஷயம்தான். ஆனா இதை வெச்சு ஒண்ணுமில்லன்னு சொல்லிட முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"அப்பவாவது தெரிஞ்சிடுமா டாக்டர்?"

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மணியை அழுத்தினார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார்.