மலை ஏறக் கூடாத கண்

நவமணிக்கு இருந்தது ஒரே கண். இன்னொன்றைச் சர்க்கரை எப்போதோ தின்றுவிட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் விழித்திரை கிழிந்து, கிழிசல் வழியே நீர் இறங்கிப் பின்னால் தேங்கியது. ஈப்போ டாக்டர் அவள் கணவன் கனகராஜிடம் பொறுமையாக விளக்கினார். விழித்திரைக்குப் பின்னால் ஒரு வரிசைச் செல்கள் ஓயாமல் உப்பைக் கடத்துகின்றன. உப்போடு நீரும் வெளியேறும். வரத்து மிஞ்சினால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. நீரில் மிதக்கும் விழித்திரை பட்டினியில் சாகும்.

கிழிசலை அடைத்துக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். வாயு அழுத்திப் பிடிக்க, செல்கள் மிச்ச நீரை உறிஞ்சிவிடும். அதற்காகக் குப்புறவே கிடக்க வேண்டும். வாயு கரையும்வரை மலை ஏறவே கூடாது. உயரத்தில் அது விரிந்து பார்வையைக் கொன்றுவிடும்.

அந்த வாரமே கேமரன் மலையில் அவள் அண்ணன் இராமசாமி மாரடைப்பில் போய்விட்டார். தாய் தகப்பன் இல்லாத தங்கையை, ரப்பர் தோட்டத்தில் பால்வாளி தூக்கி வளர்த்தவர். சொன்னால் கண்ணாவது மண்ணாவது என்று இவள் கிளம்பிவிடுவாள் என்பது கனகராஜுக்குத் தெரியும்.

போன் வெளிச்சம் ஆகாதென்று அவள் கைப்பேசியை வாங்கி ஒளித்தான். பக்கத்து வீட்டுப் புனிதாவைத் துணைக்கு வைத்து, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனான். மனைவி பங்குக்கும் சேர்த்து வாய்க்கரிசி போட்டான். திரும்பும் வழியெல்லாம் அழுதான். பொய்யை முகத்தில் மறைக்கத் தெரியாத மனிதன். நல்ல வேளை, ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் இருந்த வீட்டில் அவள் தரையைப் பார்த்தே கிடந்தாள்.

“அண்ணே கூப்பிடலையாங்க?”

“மலையில லைன் சரியில்லலா.”

“ஒரு தடவ வந்து பாக்கக்கூட மனசில்லையா அதுக்கு?”

“வேல அதிகமாம்.”

நாள் போகப் போக வருத்தம் கோபமாகிவிட்டது. “வரட்டும். அது மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றாள். கனகராஜ் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். பாவம், வேறென்ன செய்வான்?

வாயு கரைந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, நீர் வற்றிவிட்டது, விழித்திரை ஒட்டிக்கொண்டது, இனி எங்கேயும் போகலாம் என்றார். நவமணியின் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

“சிம்பாங் பூலாய் வழியா மேல போலாங்க. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, திடீர்னு போய் நிப்போம்” என்று சிரித்தபடி கணவன் முகத்தைப் பார்த்தாள். பார்வை தெளிந்த பிறகு அவனை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றது.

“எப்ப?” என்றாள்.

“நீ குப்புறக் கிடந்தப்ப. சொன்னா போயிருப்ப. கண்ணு போயிருக்கும் நவமணி.”



“போயிருக்கட்டுமே. எங்கண்ணன் மொகத்தப் பாத்துட்டுப் போயிருக்கும்ல.”