கிரீடம் வைத்த தடம்

மேடையில் துணி விலகியதும் கைதட்டல் எழுந்தது. தமிழ்ச்செல்வி தட்டவில்லை. அவள் கையால் செய்த முகம்தான். ஆனால் அவள் செய்தது போல் இல்லை.

ஆரணிக் கோட்டை அகழியோரம் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது கிடைத்த பழைய எலும்புக்கூட்டின் முகம் அது. சென்னையில் தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்க்கும் அவளிடம் மண்டையோடு வந்தது. அச்செடுத்து, எங்கெங்கே சதை எவ்வளவு கனம் என்று குச்சி நட்டு, அதன்மேல் களிமண் அப்பி, மூன்று மாதம் அதனோடு குடித்தனமே நடத்தினாள்.

முப்பது வயதுப் பெண். கழுத்தெலும்போ அறுபது வயதுக்குத் தேய்ந்திருந்தது. உச்சியில் இரண்டு விரல் வைக்கிற அளவுக்குப் பள்ளம். அம்மாவுக்குத் தலைவாரும்போது தமிழ்ச்செல்வியின் விரல் இறங்குமே, அதே இடம். சிறு வயதிலிருந்தே தலைச்சுமை தூக்கியவள் என்று அறிக்கையில் எழுதினாள். பள்ளம் மறையக் கூடாதென்றே தலைக்கு முடிகூட வைக்கவில்லை.

இப்போது அந்தத் தலையில் கிரீடம். கல்யாண மண்டபத்துக்கு அலங்காரம் செய்கிறவனிடம் வாடகைக்கு எடுத்தது. கறுத்த முகத்தில் ரோஜா நிறப் பெயின்ட். அடியில் பித்தளைப் பலகை: ‘கோட்டை அரசி. உச்சியில் காணும் பள்ளம் கிரீடம் வைத்த தடம். முகம் வடித்தவர்: தமிழ்ச்செல்வி.’

கிரீடம் வைத்த தடமாம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எழுதியதை அழித்துவிட்டு, அவள் பெயரிலேயே பொய்யை வெட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைத்தான் படிக்கும். அந்தக் கூலிக்காரி இரண்டாம் தடவையும் செத்துப்போவாள்.

விழாக்குழுத் தலைவர் ராஜவேலு, பட்டுக்கடை முதலாளி, தன் கடைப் பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். “சூப்பரா செஞ்சிக்கீறீங்க மேடம்.”

“அரசின்னு நான் எங்கங்க எழுதினேன்? சொமை தூக்கினவங்கன்னு எழுதினேன்.”

ஒலிபெருக்கி திறந்திருந்தது. கூடம் மொத்தமும் கேட்டது.

ராஜவேலு சிரித்தார். “கூலிக்காரின்னா எவன் வந்து பார்ப்பான் மேடம்? பள்ளம் இருக்குதுன்னு நீங்கதானே எழுதினீங்க. கனமான கிரீடம் வெச்சா பள்ளம் வராதா?”

“கிரீடம் நெத்தியச் சுத்தி உக்காரும். உச்சியில படவே படாதுங்க. இதுகூடத் தெரியாமத்தான் பலகை அடிச்சீங்களா?”

“இன்னாம்மா பேசிகினே போற நீ?” மேடம் போய் நீ வந்துவிட்டது. “பேஜார் பண்ணாத. ஜல்தி கீழ எறங்கு.”

தமிழ்ச்செல்வி கிரீடத்தைப் பிடுங்கினாள். ஆடாமல் நிற்க உள்ளே அடைத்திருந்த பஞ்சு கத்தை கத்தையாகக் கொட்டியது. அதே வேகத்தில் பொன்னாடையை முறுக்கி, சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடாகச் சுற்றப் பார்த்தாள். படிக்கப் போன கை அது. சும்மாடு சுற்றிப் பழகவில்லை. பட்டு வழுக்கிப் பிரிந்துகொண்டே இருந்தது. ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது.

“இங்க குடுடி.”

கடைசி வரிசையிலிருந்து அவள் அம்மா பாஞ்சாலை மேடையேறி வந்திருந்தாள். காலை பஸ்ஸில் சந்தவாசலிலிருந்து மகளுக்குக் கைதட்ட வந்தவள். பொன்னாடையை வாங்கினாள். இரண்டே முறுக்கு, ஒரு சுற்று, நுனியை உள்ளே சொருகினாள். களிமண் தலையில் வைத்தாள். பள்ளத்தில் அது அசையாமல் உட்கார்ந்தது.

கூடத்தில் யாரோ ஒரு பெண், “அய்யோ, ஆமா,” என்றாள்.

ராஜவேலுவின் முகம் கறுத்தது. “எங்க கடைப் பட்டுய்யா அது! எடுங்கடா அத!”

யாரும் அசையவில்லை.

பாஞ்சாலை தன் கொண்டையை அவிழ்த்தாள். நரைமுடியை விலக்கி, தலையை அவர் முன் குனிந்து காட்டினாள். அதே பள்ளம்.

“இருவத்தஞ்சு வருசம் செங்கல் சொமந்தேன்யா. எறக்கி உட ஒரு கை குடுன்னு கூப்பிட்டா ஒருத்தன் வந்ததில்ல. இப்ப நீ வா. நீயே எறக்கு.”

ராஜவேலுவின் கை மார்பு வரைக்கும் எழுந்தது. அதற்கு மேல் போகவில்லை.