பீரங்கி இல்லாத மூன்று ஆட்டங்கள்

பேருந்துப் பணிமனையின் பெண்கள் கூடைப்பந்து அணியில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உறவு என்று பார்த்தால் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி, அணியின் நட்சத்திரமான பீரங்கிக்கு. பீரங்கி அவள் கணவனின் தங்கை. களத்தில் ஓயாமல் "அண்ணி, பந்து! அண்ணி, இங்க!" என்று பீரங்கி போட்ட கூச்சல் டயர்ப் பிரிவுக்காரிக்கும் டிக்கெட் கவுன்ட்டர்காரிக்கும் தொற்றி, கடைசியில் பயிற்சியாளரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவருக்கு அவளைவிட இருபது வயது கூட. டீசல் பம்ப்பைக் கவனித்துக்கொள்பவர் என்பதால் அவர் பெயர் டீசல் சார்.

அண்ணிக்கு வேலை நேரக்காப்பாளர் அறையில். முன்னால் ஒரு மைக், பக்கத்தில் தடங்களின் அட்டவணை, கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நிற்கும் வண்டிகள். எந்த வண்டி எங்கே, எத்தனை மணிக்கு என்று பார்த்து அனுப்புவாள். களத்திலும் அதே வேலைதான். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் களத்தில் முடிவு செய்ய ஒன்றுமே இருந்ததில்லை. ஆறு வருஷமாக எல்லாப் பந்தும் ஒரே தடத்தில்தான் ஓடியது, பீரங்கியிடம்.

அதிலும் தப்பில்லை. பீரங்கி, இரண்டு பேருந்து நீளத்துக்கு இருக்கும் இரட்டைப் பெட்டி வண்டி ஓட்டுபவள். நல்ல உயரம், நல்ல தோள், எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் போய் விழும். ஓர் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி எடுப்பாள். மற்ற நால்வரும் சேர்ந்து பதினைந்து எடுத்தால் பெரிய விஷயம். அப்படியும் அந்த வருஷம் நான்கு ஆட்டத்தில் இரண்டு தோற்றிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பீரங்கிக்கு அன்னைக்குக் கை வரல" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வண்டியிலிருந்து இறங்கும்போது பீரங்கிக்குக் கணுக்கால் பிசகியது. மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணிமனையே துக்கம் விசாரிக்க வந்ததுபோல் வந்து போனது. டீசல் சார் கட்டுப்போட்ட காலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி, மானம் போகாம தோக்கப் பாப்போம்" என்றார்.

அந்த ஆட்டத்தில் முதல் ஐந்து நிமிஷம் அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. பந்தைக் கொண்டுவந்து பழக்கதோஷத்தில் வலது மூலையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பார்வையைத் திருப்பினால், டிக்கெட்காரி வளையத்துக்கு அடியில் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிப் போட்டாள். டிக்கெட்காரி பிடித்தாள், போட்டாள், விழுந்தது. விழுந்ததை நம்பாமல் டிக்கெட்காரி அங்கேயே நின்று வாயைப் பிளந்தாள்.

அதன் பிறகு பந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. டயர்காரி பிடித்து டிக்கெட்காரிக்குத் தள்ளினாள், அவள் திரும்ப அண்ணிக்கு, அண்ணி, தடுப்பவர்களைத் தாண்டி உள்ளே ஓடியவளுக்கு. எதிரணிக்கு யாரைத் தடுப்பது என்றே புரியவில்லை. ஒன்பது புள்ளியில் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டமும் ஜெயம். அரையிறுதியும் ஜெயம். அதில் அண்ணி மட்டும் பதினொன்று எடுத்தாள். ஆறு வருஷத்தில் அவள் ஒரே ஆட்டத்தில் நான்குக்கு மேல் எடுத்ததே கிடையாது.

மூன்று ஆட்டத்தையும் பீரங்கி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு பார்த்தாள். முதல் ஆட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டாவதில் கைதட்டினாள். மூன்றாவதில் காலிலிருந்த கட்டை நோண்டிக்கொண்டிருந்தாள்.

பணிமனையில் இதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. டீக்கடைப் பெஞ்சு, வண்டி கழுவுமிடம், சம்பளப் பிரிவு, எங்கே போனாலும் ஒரே வாதம்தான். பீரங்கி இல்லாமல்தான் அணி நன்றாக ஆடுகிறதா? அண்ணிதான் நாத்தனாரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறாள் என்று கண், காது, மூக்கு வைத்து ஒரு கதை வேறு உலவியது. ஒருநாள் வருகைப் பலகைக்குக் கீழே யாரோ சாக்கட்டியால் எழுதிவைத்தார்கள்: "பீரங்கி ரிப்பேர். வெற்றி ஜோர்."

அதைப் பீரங்கியும் பார்த்தாள்.

அன்று இரவு வீட்டில் மாமியார், கணவன், அண்ணி, பீரங்கி என நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார் பீரங்கியிடம் இரண்டு முறை காலைப் பற்றிக் கேட்டாள், இரண்டு முறையும் "ம்" தான். பள்ளியில் கணக்கு நடத்தும் அண்ணன்காரன், சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மூணே மூணு ஆட்டத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாது. குறைஞ்சது ஒரு முப்பது ஆட்டமாவது பாக்கணும்" என்றான்.

"அப்ப முப்பது ஆட்டம் நான் வெளியவே உக்காரணுமா?" என்று தங்கை பாய்ந்தாள்.

"உங்கள யாராவது இப்ப கேட்டாங்களா?" என்று மனைவி பாய்ந்தாள்.

அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

அண்ணிக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. ஊர் பேசுவதில், அவள் தடுக்கிறாள் என்பது பொய். ஆனால் அந்த மூன்று ஆட்டத்தில் அவள் பட்ட சந்தோஷம் பொய் இல்லையே. பதினொரு புள்ளி எடுத்த அன்று குளியலறையில் வாளியில் தண்ணீர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது பக்கத்து அறையில் ஒருத்தி காலில் கட்டோடு கிடந்தாள்.

மறுநாள் விடுமுறை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் பீரங்கி ஒவ்வொரு படியாகத் தாவி ஏறி வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன். மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"நான் இல்லாம ஆடினது நல்லா இருந்துச்சா?"

அண்ணி கையிலிருந்த சட்டையை இரண்டு முறை உதறினாள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பீரங்கியின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

"இருந்துச்சு" என்றாள்.

பீரங்கி கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

"நான் அவ்வளவு மோசமாவா ஆடுறேன்?"

"ஐயோ, நீ ஆடுறதுல என்ன குறை? எங்க மேலதான் குறை. நீ நின்னா நாங்க நாலு பேரும் உன் வாயப் பாத்துக்கிட்டு நிப்போம். டிக்கெட்காரிக்குப் போடத் தெரியும்னு எனக்கு இத்தன வருஷமா தெரியாது. அவளுக்கே தெரியாது!"

"அப்ப எதிரணி?"

"அவங்களும்தான். உன்னையே பாத்துக்கிட்டு நிப்பாங்க."

பீரங்கி சட்டென்று திரும்பினாள். "ரெண்டு பேர் எப்பவும் என்கூடவே ஒட்டிக்கிட்டு வருவாங்க, கவனிச்சிருக்கீங்களா அண்ணி? நான் பந்தே தொடலன்னாலும் வருவாங்களா?"

"ஏன் வராம? பீரங்கின்னா சும்மாவா?"

"வந்தா, மிச்சம் மூணு பேருக்கு நம்ம ஆளுங்க நாலு பேரு." அவள் விரலை மடக்கி ஒரு முறை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். பிறகு ஈரத்துணிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று சிரிக்கத் தொடங்கினாள். "அண்ணி, நமக்குள்ள சண்டைன்னு ஊரே பேசுதுல்ல? பேசட்டும்."

இறுதி ஆட்டம் மின்வாரிய அலுவலக அணியோடு. நாற்பது பேர் உட்காரும் பார்வையாளர் மேடையில் நூற்றைம்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் முதல் வரிசையில், மடியில் குடையோடு. நடுவர் தவறாக ஊதினால் தரையில் தட்டுவதற்காகவே குடையைக் கொண்டுவருவாள்.

மூன்று வாரம் முடிந்து காலின் கட்டு அவிழ்ந்ததும் டீசல் சாரிடம் பீரங்கியே போய், "கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் இறக்குங்க சார்" என்று கேட்டிருந்தாள். அவர் முதலில் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தாராம்.

மூன்று பகுதி முடிந்தபோது மின்வாரியம் ஆறு புள்ளி முன்னால் இருந்தது. பீரங்கி எழுந்து மேல்சட்டையைக் கழற்றியதும் கூட்டம் கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது. அவள் வலது மூலைக்குப் போனாள். நினைத்தபடியே இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள்.

"அண்ணி, பந்து!"

அண்ணி அவளைப் பார்க்காததுபோல் டயர்காரிக்குப் போட்டாள். இரண்டு புள்ளி.

"அண்ணி, இங்க நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

டிக்கெட்காரிக்குப் போட்டாள். இன்னும் இரண்டு.

"வீட்டுலதான் இப்படின்னா இங்கயுமா? ஊர் சொன்னப்ப நான் நம்பலையே!"

கூட்டம் "ஓ" என்று இழுத்தது. அண்ணியும் சும்மா இருக்கவில்லை. இடுப்பில் கையை வைத்து, "உனக்கு வடிச்சுக் கொட்டறதும் போதாம பந்தையும் நான்தான் ஊட்டணுமா?" என்று பதில் கொடுத்தாள். பீரங்கியைத் தடுத்துக்கொண்டிருந்த இருவரில் ஒருத்தி மற்றவளிடம், "பாவம்டி, வீட்டுல என்ன பாடு படுதோ" என்று சொன்னது பீரங்கியின் காதில் விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு முறை அவர்கள் இரக்கத்தில் அசந்துபோன நேரம் பார்த்துப் பந்தைப் பறித்துப் போட்டும்விட்டாள்.

கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மாமியாரிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது என்று நின்றபோது டீசல் சார் இடைவேளை கேட்டார். விசில் ஊதியதுதான் தாமதம், மாமியார் குடையோடு களத்துக்குள் இறங்கிவிட்டாள். நடுவர் தடுக்கப் பார்த்தார். "நீங்க ஒதுங்குங்க, இது வீட்டு விஷயம்" என்று குடையால் அவரை நகர்த்தினாள்.

"ஏன்டி, ஊரக் கூட்டி வெச்சு சந்தி சிரிக்க வெக்கிறீங்களே! ஆறு வருஷமா ஒரு வார்த்தை தடிச்சதில்லையே நம்ம வீட்டுல! யார் கண்ணு பட்டுச்சு? கைகுடுங்க ரெண்டு பேரும். குடுங்கன்னா!"

இருவரும் கைகொடுத்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தால் சிரிப்பு வெடித்துவிடும் என்று இருவரும் தரையைப் பார்த்தார்கள். தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நினைத்து மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மின்வாரியக்காரிகளில் ஒருத்திக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

பன்னிரண்டு விநாடி மிச்சம். பந்து அண்ணியிடம். பீரங்கி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வளையத்துக்கே முதுகைக் காட்டி நின்றாள். அப்படியும் அந்த இருவரும் அவளை விட்டு ஓர் அடி நகரவில்லை. டயர்காரியை ஒருத்தி மறித்தாள். டிக்கெட்காரியை ஒருத்தி மறித்தாள். ஐந்தாமவள் இன்னும் பின்னால்தான் ஓடி வந்துகொண்டிருந்தாள். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நேர் எதிரே நின்றவள், இவள் எப்படியும் யாருக்காவது அனுப்பத்தான் போகிறாள் என்று பக்கவாட்டில் கையை விரித்துக் காத்திருந்தாள். நடுவில் வழி ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் திறந்து கிடந்தது.

அண்ணி யாருக்கும் அனுப்பவில்லை. தானே போனாள். இரண்டு எட்டு, ஒரு தாவல். பந்து பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே விழுந்தது.

மணி அடித்தது. முதலில் ஓடி வந்தவள் பீரங்கிதான். கணுக்காலை மறந்து அண்ணியை இடுப்போடு தூக்கித் தோளில் உட்காரவைத்துக் களம் முழுக்கச் சுற்றினாள். "எங்க அண்ணி! எங்க அண்ணி!" என்று அவள் கத்திய கத்தலில் விசில் சத்தம் அமுங்கிப்போனது. மின்வாரிய அணித்தலைவி பின்னாலேயே ஓடி வந்து, "உங்களுக்குள்ள சண்டைன்னாங்களே?" என்று கேட்டாள். பதில் சொல்ல இருவருக்கும் மூச்சு இல்லை. சிரித்துச் சிரித்து அண்ணி கீழே விழாதது அதிசயம்.

பீரங்கி எடுத்தது நான்கே புள்ளி. மேசைக்குப் போய்ப் புள்ளித்தாளை வாங்கி, அந்த நான்கைத் தானே இரண்டு முறை வாசித்து, பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். முப்பது எடுத்த நாள்களில் அவள் அந்தத் தாளைத் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

திரும்பும்போது பணிமனை வண்டியைப் பீரங்கிதான் ஓட்டினாள். பீரங்கி இல்லாமல் ஜெயித்ததா, பீரங்கி இருந்ததால் ஜெயித்ததா என்று பின்னிருக்கைகளில் வாதம் கொழுந்துவிட்டு எரிந்தது. கணக்கு வாத்தியார் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அணி மொத்தமும் சேர்ந்து அவரை உட்காரவைத்தது.

மாமியாருக்கு விஷயத்தை டிக்கெட்காரிதான் போட்டு உடைத்தாள். மாமியார் முதலில் நம்பவில்லை. பிறகு மருமகளைப் பார்த்தாள், கண்ணாடியில் தெரிந்த மகளைப் பார்த்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளைகள்போல் இருந்தார்கள்.

"அப்ப எல்லாம் நடிப்பா?"

"மன்னிச்சுக்கோங்க அத்தை. உங்ககிட்ட சொல்ல நேரமே கிடைக்கல" என்றாள் அண்ணி.

மாமியார் வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் கடக்கும் வரை குடையால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். வண்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் கடைசியில். "நான் இன்னும் நல்லா அழுதிருப்பேனே!"