ஏறி இறங்கும் மேசை

லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் பக்கத்து வீட்டுத் தேவகனி எழுந்து நின்றாள். அவள் எழுந்தால் பந்தலே எழுந்துவிடும்.

"வந்துட்டு, வந்துட்டு."

எஸ்றாவுக்குச் சொல்லிவைத்த சவப்பெட்டி காலையிலிருந்து இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆட்டோவில் வந்திருப்பதும் ஆள் நீளம்தான். மேலே கனமான துணி போர்த்தியிருந்தது. சபைப் போதகரான ஐயர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு அங்கியைச் சரிசெய்தார். நான்கு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். பெண்கள் பாட்டெடுத்தார்கள். பெட்டியை மெல்ல முன்னறைக்குள் கொண்டுபோய், எஸ்றா படுத்திருந்த ஃப்ரீஸர் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

துணியை உருவியதும் உள்ளே அட்டைப்பெட்டி. அதில் ஒரு குடைப் படம், ஒரு கண்ணாடி டம்ளர் படம், மேலே பார்த்த இரண்டு அம்புகள். பாட்டு பாதியில் நின்றது. காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் சரணத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

"என்னளா இது?" என்றாள் தேவகனி.

எஸ்றாவின் மகள் ஜெபிஷாவுக்கு அது என்னவென்று தெரியும். வேண்டாம் என்று அவளே ரத்து செய்த மேசை. அது எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் ஜெபிஷா. இடுப்பு மடங்க மறுத்து மாதங்கள் ஆகின்றன. உட்கார்ந்தே இருக்காதே, நின்றும் வேலை பார் என்றார் டாக்டர். அன்றிலிருந்து லேப்டாப்பை ஃப்ரிட்ஜ் தலையில் வைத்து மீட்டிங் பேசினாள். ஃப்ரிட்ஜோடு இங்கிலீஷில் சண்டை போடும் பெண்ணைத் தெருவே எட்டிப் பார்த்தது. ஒழுங்கான மேசை அமையாவிட்டால் சென்னை ஆபீசுக்கே திரும்ப வேண்டியதுதான்.

போன வாரம் அப்பாவும் மகளும் பாளை ரோட்டில் டிக்சனின் ஃபர்னிச்சர் கடைக்குப் போனார்கள். எஸ்றா துறைமுகத்தில் கிரேனுக்குக் கைசாடை காட்டியே ஓய்வு பெற்றவர். டிக்சன் பொத்தானை அழுத்த, மேசை எழுந்தது. கூடவே எஸ்றாவின் கையும் எழுந்தது. ஆள்காட்டி விரல் மேலே பார்த்துச் சுழன்றால் ஏற்ற வேண்டும். கை மூடினால் நிறுத்த வேண்டும்.

"மெதுவால! மேல கண்ணாடிச் சாமான் இருக்குன்னு நெனச்சுக்க."

டிக்சன் கட்டுப்பட்டான். மகளை நிற்கவைத்து, அவள் முழங்கை பலகையில் படிகிற உயரத்தில் எஸ்றா கையை மூடினார். பெரிய மேசைதான் ஆடாமல் நின்றது. இடம் போதாது என்று சின்னதைச் சொல்லிவிட்டு வந்தாள் ஜெபிஷா.

வம்பு வீட்டுக்கு வந்த பிறகுதான். பிளக்கும் வெளிச்சமும் சேர்ந்திருப்பது முன்னறை ஜன்னலோரம் ஒன்றில்தான். அங்கே எஸ்றாவின் பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தால் மொட்டைமாடிகளுக்கு மேலே துறைமுகக் கிரேன்களின் தலை தெரியும். "ஏலே, காத்தடிக்குல்லா, எறக்குல!" என்று இங்கிருந்தே ஏசுவார். அங்கே எவனோ ஒழுங்காக இறக்கினால், தான் சொல்லித்தான் இறக்கினான் என்று நம்புவார்.

"அங்கன மேசை வரணும்னா நான் போன பொறவு போட்டுக்க."

"சரி, நீங்களே இருந்துக்கோங்க. நான் சென்னைக்குப் போறேன்."

"நல்லா போ!"

இதெல்லாம் காம்பவுண்டுச் சுவர் தாண்டிக் கேட்டது. தெரு ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அன்றே அவள் டிக்சனுக்குப் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டாள். அதன் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

இன்று காலை எஸ்றா நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார். ஆனால் நாற்காலி ஜன்னலோரத்தில் இல்லை. எதிர்ச்சுவரில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"சாகப்போற மனுசன் சேரை எதுக்கு இழுத்தாரு?" என்று வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாள் தேவகனி. பதிலையும் அவளே சொன்னாள். "கோவம்! மூஞ்சியத் திருப்பிக்கிட்டே போயிட்டாரு."

ஜெபிஷா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. அதையும் தெரு குறித்துக்கொண்டது.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து, பில்லை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைந்த டிக்சன், ஃப்ரீஸர் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அண்ணாச்சியா? நேத்து சாயந்தரம்கூடப் பேசுனாவளே!"

"என்ன பேசுனாவ?" காலையிலிருந்து ஜெபிஷா வாய் திறந்தது அப்போதுதான்.

"பிள்ளை வேண்டாம்னு சொன்னதை விட்டுரு, சின்னது வேண்டாம், அந்தப் பெருசையே நாளைக்குக் கொண்டாந்துருன்னாவ. ஜன்னல் பக்கம் போடணும், நான் விடியவும் சேரை நவுத்தி வச்சிருதேன், அவகிட்ட மூச்சு விடாதன்னாவ."

டிக்சன் தொடர்ந்தான்.

"அங்கன இருந்தா கிரேனு தெரியாதே அண்ணாச்சின்னேன். தெரியாட்டா என்னல, வீட்டுக்குள்ளயே ஒண்ணு வருதுல்லா, அதைப் பாத்துக்கிடுதேன்னாவ."

எல்லோரும் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார்கள். அங்கிருந்து ஜன்னலோரம் நேராகத் தெரிந்தது.

தேவகனி சுதாரித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னம்லா, பாசக்கார மனுசன்னு."

"திருப்பி எடுத்துட்டுப் போயிரட்டாக்கா?" என்று எஸ்றாவின் மனைவி கிருபையிடம் கேட்டான் டிக்சன்.

கிருபை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவுக சொன்ன எடத்துல போடுப்பா. நடுவுல கெடந்தா அவுக பெட்டி எப்படி உள்ள வரும்?"

ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். ஜெபிஷாவும் சிரித்தாள். தேவகனி அவள் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் சிரித்தாள்.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு டிக்சன் வந்து மேசையை ஜன்னலோரத்தில் பொருத்திக் கொடுத்தான். தெரு வழக்கம்போல ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. ஜெபிஷா நின்றபடி பொத்தானை அழுத்தினாள். உர்ரென்று மேசை எழுந்தது.

செருப்பு ஸ்டாண்டுப் பக்கம், பிரம்பு நாற்காலியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள் கிருபை. ஒரு கை மடியிலிருந்து உயர்ந்தது. ஆள்காட்டி விரல் மேலே பார்த்துச் சுழன்றது.

"மெதுவா," என்றாள்.

பலகை மகளின் முழங்கையைத் தொட்டதும் அந்தக் கை மூடியது. உள்ளே ஒரு பட்டாணி இருந்தது.

ஜெபிஷா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.