தொட்டவர்கள்

நேற்று மதியம் வீட்டில் இருந்தவர்கள்: வாசலுக்கு நேர் எதிரே, விருந்தாளிக்குரிய மேலிடத்தில், பக்கத்துத் தெரு ரைஹான். அவளுக்கு வலப்புறம் என் கணவர் ஓரின்பெக். தேநீர் ஊற்ற வசதியாகக் கதவோரம் நான். ஜன்னலடியில் மருமகள் ஜனெர்கே, வயிற்றில் நான்கு மாதம். அவள் காலருகே பழைய கம்பளத்தில் இரண்டு நாய்கள்: எங்களுடையது, ரைஹானின் பெட்டை லைமா.

எங்கள் நாய்க்குப் பௌர்சாக் என்று பெயர். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையின் அதே பொன்னிறம். மூன்று கிலோ எடை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது ஜனெர்கேயின் கையில் மகன் கொண்டுவந்து கொடுத்தது. அதை இணை சேர்க்கக் கேட்டு ஒருவர் வருவது இதுவே முதல்முறை. பிறப்பதில் ஒரு குட்டி எங்களுக்கு என்று பேச்சு. அதற்கு ஜனெர்கே பெயர்கூட வைத்துவிட்டாள்.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆட்டுப் பண்ணையின் கால்நடை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவள். ஒரு கிடாயை உள்ளே விடுமுன் ஒன்பது கேள்வி கேட்பேன். ஆனால் மேலிடத்தில் உட்கார வைத்தவளிடம், மூன்றாவது கிண்ணம் முடியுமுன், உன் நாய்க்கு என்ன குறை என்று எப்படிக் கேட்பது? விருந்தாளிக்கு மரியாதையாகப் பாதிப் பாதிக் கிண்ணமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பௌர்சாக் சோபா அடியில் போய்ப் பதுங்கியது.

"இவனும் என்னை மாதிரிதான். வீட்டுக்குள்ள புலி, வெளியாள் வந்தா எலி," என்றார் ஓரின்பெக்.

"பரவால்ல அண்ணே, எங்க லைமாவுக்கு அனுபவம் உண்டு," என்று ரைஹான் சிரித்தாள்.

கடைசியில் ஜனெர்கேதான் தரையில் உட்கார்ந்து லைமாவின் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். நாய்கள் பிரியக் கால்மணி நேரம் ஆனது. பிறகு இரண்டையும் அவளே துடைத்துவிட்டாள், வெறும் கையால்.

மூன்றாவது கிண்ணத்தில் ரைஹான் சொன்னாள். "லைமாவுக்கு ரெண்டு ஈத்தும் நாள் வராமலே விழுந்துடுச்சு அக்கா. எல்லாம் செத்துத்தான் வந்துச்சு. ஆடு குட்டி போடுற சீசன்ல இவ எங்கண்ணன் பட்டிலதான் கிடப்பா, நஞ்சுக்கொடியெல்லாம் தின்னுக்கிட்டு. அங்க ஆடுங்களும் இந்த வருஷம் அப்படித்தான். அண்ணனுக்கே காய்ச்சல் விட்டு விட்டு வருது."

கெண்டியைக் கீழே வைத்தேன். ஆட்டிலிருந்து நாய்க்கும் நாயிலிருந்து மனிதருக்கும் வரும் அந்தக் கருச்சிதைவு நோயின் பெயரை என் கையாலேயே எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். கர்ப்பிணிகளைப் பட்டிக்குள் விடக்கூடாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டியதும் நான்தான்.

இன்று காலை பண்ணையின் பழைய கால்நடை மருத்துவரை ரைஹான் வீட்டுக்கு அழைத்துப்போய் லைமாவின் ரத்தம் எடுத்தோம். ரைஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயைப் பிடித்தாள். பௌர்சாக்கை நிலக்கரி அறையில் பூட்டினேன். அதன் முடி உனக்கு இப்போது ஆகாது என்று மருமகளிடம் பொய் சொன்னேன்.

"முடிவு வரட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத. ஏற்கனவே ஒண்ணு போனவ," என்றார் ஓரின்பெக்.

நகரத்து ஆய்வகத்துக்கான கடிதத்தில் எல்லாம் எழுதினேன்: நாயின் வயது, ஈற்றின் தேதிகள், பட்டி இருக்கும் இடம். கடைசிப் பத்தி, விலங்கைத் தொட்டவர்கள். நேற்று உட்கார்ந்திருந்த வரிசையிலேயே எழுதிவந்தேன். நான்காவது பெயரில் பேனா நின்றது. எழுதினேன். பக்கத்தில், நான்கு மாதம் என்றும்.

உறையின் பசையை நாக்கால் நனைக்க மனம் வரவில்லை. ஆறிய தேநீரில் விரலைத் தொட்டு ஒட்டினேன். மினிபஸ் ஓட்டுநர் ரத்தக் குப்பியையும் கடிதத்தையும் வாங்கிச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியதும் திரும்பினேன். நிலக்கரி அறை வாசலில் ஜனெர்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவடி இடுக்கில் அவள் விரல்கள். உள்ளேயிருந்து ஒரு சிறிய நாக்கு அவற்றை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.