நொண்டிப் பிசாசின் சீட்டு

1
இது கதையாகத் தொடங்கவில்லை. என்னை ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். கேபிள் கார் ஓட்டி ஓய்வுபெற்றவனிடம் பேனாவைக் கொடுத்தால் இப்படித்தான்.

தொடக்கம்: “டிசம்பர் ஐந்து. நாற்பது பிசாசுகள் (நான்கு) இடுப்பில் தேவாலய மணிகளோடு (மாட்டு மணிகள்) பனியைக் கிழித்துக்கொண்டு...”

வேண்டாம். இனி நான் அளக்கும் இடமெல்லாம் அடைப்புக்குறியில் திருத்தம் இருக்கும்.

2
எங்கள் மலையூரில் டிசம்பர் ஐந்து மாலை ஒருவர் புனிதராகவும் மற்றவர்கள் பிசாசுகளாகவும் வேடமிட்டுக் கிளம்புவோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் புனித நிக்கோலஸ் வேடம் எனக்கு. பிசாசுகளோடு வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டாரின் குறைகளைப் பெரிய புத்தகத்தைப் பார்த்து வாசிப்பேன். முந்தின நாளே வீட்டுக்காரிகள் அவற்றைச் சீட்டில் எழுதித் தந்துவிடுவார்கள். நண்பன் கோர்பினியனைப் பற்றி அவன் மனைவி வால்புர்கா எழுதியது ஒரே வரி: குறட்டை விடுகிறான்.

எனக்கு அது போதவில்லை. “அதனால் மனைவி வேறு அறைக்குப் போய்விட்டாள்” என்று சேர்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் உண்மையிலேயே போயிருந்தாள். காரணம் குறட்டை அல்ல. வீட்டுச் சங்கதியை அவள்தான் எழுதிக் கொடுத்தாள் என்று கோர்பினியன் முடிவுகட்டினான். அவள் இல்லவே இல்லை என்றாள். புனிதரே இட்டுக்கட்டினார் என்று தெரிந்தால் பிறகு எந்த வீட்டில் என்னை மதிப்பார்கள்? அவள் எழுதிய சீட்டை அடுப்பில் போட்டேன்.

(இந்த லொய்ஸ் என்கிற பாத்திரம் எனக்கே பிடிக்கவில்லை. மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. அது நான்.)

3
அதன்பின் அவன் எனக்குக் கதவு திறக்கவில்லை. இந்த ஆண்டு பிசாசு முகமூடியை மாட்டிக்கொண்டு மற்றப் பிசாசுகளோடு அவன் வீட்டுக்குள் நுழைந்தேன். பிசாசு பேசக் கூடாது. எனக்குப் பொருத்தமான வேடம். முகமூடி வாய்க்குள் குழல் விட்டு ஒவ்வொரு பிசாசுக்கும் சாராயம் கொடுத்து வந்த கோர்பினியன், என்னிடம் நின்றான்.

“மூஞ்சிய மறைச்சா நொண்டல் மறைஞ்சிடுமாடா, லொய்ஸ்?”

பிறகு தணிந்த குரலில், “ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அத இவதான எழுதிக் குடுத்தா?”

அடுப்படியில் வால்புர்காவின் கரண்டி நின்றது.

வீட்டுக்குள் முகமூடி கழற்றும் பிசாசுக்குக் குழுவில் இடமில்லை. அந்த விதியைப் போட்டவனே நான்.

4
முதல் முடிவு: ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே... (அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: ஆயிரம் பேர் முன்னிலையில் (ஏழு பேர்) முகமூடியைக் கழற்றினேன். “நான்தாண்டா சேத்தேன். அவ எழுதல.”

“நீ சொல்றத எவன் நம்புவான்?” என்றான்.

வால்புர்கா பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “எழுதிக் குடுங்க.”

எழுதிவிட்டேன். அவள் எழுதியது குறட்டை மட்டும்தான். மற்றது என் சரக்கு. இந்த வரியில் அடைப்புக்குறி இல்லை, தேடிப் பாருங்கள்.

நீங்கள் நம்புகிறீர்களா? உங்களுக்கு என்னை ஐந்து நிமிடமாகத்தான் தெரியும். அவனுக்கு அறுபது வருடமாகத் தெரியும்.